இரண்டாம் சரணத்துக் கீறல்

அந்த வீட்டில் சத்தத்தைக் கூட்டுவதற்கு ஒருவரும் குறைப்பதற்கு ஒருவரும் இருந்தார்கள். இருவரும் உடன்பிறந்தவர்கள். மூத்தவர் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். கீழ்வீட்டின் முன்னறை முழுக்க அவருடைய பெட்டிகள்தான். ஆள் உயரத்துக்கு நான்கு, இடுப்பு உயரத்துக்கு ஆறு. சோபா போட வேண்டிய இடத்தில் வயர் சுருள்கள் கிடந்தன. வீட்டுக்கு வருகிறவர்கள் பெட்டிமேல்தான் உட்கார வேண்டும். இளையவன் மாடியறையில் இருந்தான். யாரோ எங்கோ மோசமாகப் பதிவு செய்த குரல்கள் அவனிடம் வந்து சேரும். விசாரணைகளில் மேசையின் மறுகோடியில் வைத்த கருவியில் விழுந்த சாட்சிகள், மின்விசிறிக்கடியில் நின்று பாடம் நடத்திய பேராசிரியர்கள், ஓடும் காரிலிருந்து பேசிய கம்பெனி முதலாளிகள். இரைச்சலை எடுத்து, கரகரப்பை எடுத்து, வார்த்தை புரிகிற மாதிரி ஆக்கித் தருவான்.

தெருவில் மூத்தவரை மைக்செட்காரர் என்றார்கள். இளையவனுக்குக் காது என்று பெயர் விழுந்து பத்து வருடமாகிறது. "என்ன காது, சாப்பிட்டாச்சா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். அவன் கோபப்பட்டதில்லை. அவன் எதற்குமே சட்டென்று வாய் திறக்கிற ஆள் இல்லை. அவனிடம் ஒன்று கேட்டால் பதில் வருவதற்குள் ஒரு டீ குடித்து கிளாஸையும் கழுவி வைத்துவிடலாம் என்று அண்ணன் கேலி செய்வார்.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தின் திங்கட்கிழமை, அண்ணி மாடியேறி வந்தாள். கையில் ஒரு பென் டிரைவ். அதைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு, அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்ததால் சுவரில் சாய்ந்து நின்றாள். சுவர் முழுவதும் எதிரொலியை அடக்க அட்டை முட்டைத் தட்டுகள் ஒட்டியிருக்கும். அதில் சாய்ந்தால் நொறுங்கும் என்று அவளுக்குத் தெரியும். சாயாத மாதிரி சாய்ந்துகொண்டாள்.

விஷயம் இதுதான். பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் பாட்டு டீச்சர் வேலை. நிரந்தர வேலை. முதலில் பத்து நிமிடத்துக்கு மேல் போகாத ஒரு பதிவு கொடுக்க வேண்டும். மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்கள். விண்ணப்பித்தவர்களில் நான்கு பேரைப் பொறுக்கி நேரில் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணி கடைசி. வயது நாற்பதைத் தாண்டியிருக்கக் கூடாது. அண்ணிக்கு முப்பத்தொன்பது முடிந்து பத்து மாதம். பதினோரு வருடமாக அவள் நான்கு சின்னப் பள்ளிகளில் தற்காலிக ஆசிரியையாக இருந்தவள். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் 'பிறகு சொல்லி அனுப்புகிறோம்' என்று அனுப்பி வைப்பார்கள்; சில வருடம் சொல்லி அனுப்பினார்கள், சில வருடம் இல்லை. கூட்டல் கழித்தல், எழுத்து, ஓட்டப்பந்தயம், பாட்டு என்று எது கொடுத்தாலும் எடுத்தாள். ஐம்பது பிள்ளைகள் கத்துகிற வகுப்பில் ஐம்பத்தோராவது ஆளாக அவளும் கத்த வேண்டியிருந்தது.

பென் டிரைவில் இருந்தது, போன வருடம் ஒரு தலைமையாசிரியை ஓய்வுபெற்ற விழாவில் அவள் பாடிய பாட்டு. அண்ணன்தான் மைக் செட். அண்ணன்தான் பதிவும் செய்தார். அண்ணி முழுதாகப் பாடி, அது முழுதாகப் பதிவானது இந்த ஒன்றுதான். ஆனால் அது கேட்கிற லட்சணத்தில் இல்லை. பாட்டுக்கு முன்னால் பேசிய விருந்தினருக்குக் குரலே இல்லை. வாழ்த்துரையா மரண வாக்குமூலமா என்று தெரியாத அளவுக்கு முனகினார். அவருக்காக அண்ணன் பதிவுக் கருவியில் சத்தம் கூட்டுகிற குமிழை மட்டும் கடைசி வரைக்கும் திருப்பி வைத்தார். திரும்பக் குறைக்க மறந்துவிட்டார். அரங்கத்தில் எல்லாம் நன்றாகவே கேட்டது, கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தபோது தகரத்தில் ஆணியை இழுத்த மாதிரி இருந்தது.

புதிதாக ஒன்று பதிவு செய்துவிடலாமே, அரை நாள் வேலைதானே என்று அவன் சொன்னான். சொல்வதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டுதான் சொன்னான். அண்ணி, மழை, சளி, வீட்டு வேலை என்று மூன்று காரணம் சொன்னாள். ஒரு காரணம் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான்.

"இதையே சரி பண்ணிக் குடுங்க தம்பி. அன்னைக்குப் பாடின மாதிரி எனக்கு இனிமே வராது" என்றாள்.

பாடுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

*

கெட்டுப்போன பாட்டைக் கண்ணாலும் பார்க்கலாம். திரையில் குரல் மேடும் பள்ளமுமாக ஓடும். நல்ல பதிவில் மேடுகளுக்கு முனை இருக்கும். இதில் ஒவ்வொரு மேட்டின் தலையும் கத்தரித்துவிட்ட வேலிச்செடி போல ஒரே மட்டத்தில் தட்டையாக இருந்தது. கருவியால் பிடிக்க முடிந்த உயரம் அவ்வளவுதான். அதற்கு மேல் போனதெல்லாம் போனதுதான். அந்தத் தட்டைதான் காதுக்குக் கரகரப்பாகக் கேட்கிறது. வெட்டிய தலை எங்கேயும் சேமித்து வைக்கப்பட்டிருக்காது. மேடு எந்தச் சாய்வில் ஏறியது, எந்தச் சாய்வில் இறங்கியது என்று பார்த்து, இடையில் முனை எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று ஊகித்து வரைய வேண்டும். மென்பொருளும் வரையும். ஆனால் அது எல்லாத் தலைக்கும் ஒரே தொப்பியைப் போடும். அவன் கையால் செய்தான். இரண்டு விநாடி, மூன்று விநாடியாக எடுத்துக்கொண்டு, வரைந்து, கேட்டு, அழித்து, மறுபடி வரைந்து.

வெளியே மழை. மாடியறைக்குத் தகரக் கூரை. மழை விழுந்தால் அறைக்குள் பேசுவது பக்கத்து ஆளுக்கே கேட்காது. ஹெட்போன் கருவியைக் காதில் இறுக்கிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். முதல் நாள் மின்சாரத்தின் முனகலையும், மண்டபத்து விசிறியையும், யாரோ நாற்காலி இழுத்ததையும் எடுத்தான். செவ்வாய்க்கிழமை பல்லவியை முடித்தான். முதல் சரணத்தில் பாதி முடித்தான். தகரத்துக்கு அடியிலிருந்து மெல்ல மெல்ல ஒரு பெண் எழுந்து வருவது போலிருந்தது. நல்ல குரல். கூர்மை கிடையாது, கொஞ்சம் அகலமான, இறங்கும்போது அவசரப்படாத குரல். இதை இருபது வருடமாகக் கீழே சமையலறையில் கேட்டிருக்கிறான். காதில் மாட்டிக்கொண்டு கேட்டதில்லை.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அண்ணன் எதிரே உட்கார்ந்தார். மழையால் அவருக்கும் வேலை இல்லை. முட்டையை உரித்துக்கொண்டே, தேறுமா என்று கேட்டார். பாதி தேறும் என்று இவன் சொன்னான். அண்ணி தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் போகிற வரைக்கும் பார்த்திருந்துவிட்டு அண்ணன் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குரல்தான் அது.

"ஒரு குமிழுடா. ஒரே ஒரு குமிழ். ஊர்ல இருக்கறவன் எல்லாருக்கும் திருப்பித் திருப்பி வெச்சவன், கட்டின பொண்டாட்டிக்குத் திருப்ப மறந்துட்டேன். அதுக்கப்புறம் அவ என் மைக்குல பாடவே இல்ல, பாத்தியா?"

புதிய பதிவுக்கு அவள் ஒத்துக்கொள்ளாததற்கும் அண்ணன் இதையே காரணமாக வைத்திருந்தார். 'நீங்கள் கெடுத்ததை நீங்களே சரிசெய்து கொடுங்கள்' என்று அவள் பிடிவாதம் பிடிப்பதாகவும், அது நியாயம்தான் என்றும் சொன்னார். ஒரு வருடமாக அதை அவர் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார் என்பது தம்பிக்கு அப்போதுதான் தெரிந்தது. என்ன சொல்வது என்று யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் அண்ணன் கை கழுவப் போய்விட்டார்.

குழாயடியில் அண்ணன் கத்துவது கேட்டது. உப்பு ஜாடி ஏன் எப்போது பார்த்தாலும் குளியலறையிலேயே இருக்கிறது, சோற்றுக்கு உப்பு வேண்டுமென்றால் குளித்துவிட்டுத்தான் வர வேண்டுமா என்று கேட்டார். பல் வலி, கொப்பளிக்கிறேன் என்று அண்ணி உள்ளேயிருந்து சொன்னாள். எத்தனை மாதமாகப் பல் வலி என்று யாரும் கேட்கவில்லை.

*

இரண்டாம் சரணத்தில்தான் சிக்கியது. மூன்றாவது அடியில் குரல் மேலே ஏறி, உச்சியில் சற்று நின்று, பிறகு மெதுவாகக் கீழே இறங்கும். ஏறியதைச் சரிசெய்துவிட்டான். உச்சியையும் ஒருமாதிரி சரிசெய்தான். இறங்குகிற இடத்தில் ஒரு கீறல் இருந்தது. அரை விநாடிகூட இருக்காது. குரல் இரண்டு இழையாகப் பிரிந்து, நடுவே காற்று போய், மறுபடி ஒட்டிக்கொண்டது. நான்கு விதமாக வரைந்து பார்த்தான். கீறல் போகவில்லை. அதைவிட அவனை உறுத்தியது வேறு. அந்த இடத்தில் குரல் மெல்லியது. திரையில் மேடுகள் தாழ்வாக, முனை முழுசாக இருந்தன. ஒரு தலைகூட வெட்டுப்படவில்லை. வெட்டாத இடத்தில் ஏன் கரகரக்க வேண்டும்?

வயரில் இருக்கும் என்று நினைத்தான். அண்ணனுடைய வயர்கள் நம்பத்தக்கவை அல்ல. பாதி வயர்கள் ஒட்டுநாடாவால் உயிர் வாழ்கிறவை. ஆனால் வயர் உதறினால் 'படக்' என்று வரும். இப்படிக் கிழியாது.

விழாவை வீடியோ எடுத்தவரின் நினைவு வந்தது. அவருடைய கேமரா அரங்கத்தின் பின்பக்கம் நின்றிருக்கும். அதற்கென்று தனி மைக் உண்டு. தூரம், எதிரொலி, இருமல் எல்லாம் இருக்கும்; ஆனால் தலை வெட்டுப்பட்டிருக்காது. அதை வைத்து மேடுகளின் உண்மையான உயரத்தை ஒத்துப் பார்க்கலாம். புதன்கிழமை காலை மழைக்கிடையே குடை பிடித்துக்கொண்டு வீடியோக்காரர் கடைக்குப் போனான். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியையின் முகம் தெரிகிற இடத்தையெல்லாம் தனியாக வெட்டிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். முகம் வேண்டாம், சத்தம் மட்டும் போதும் என்று இவன் சொன்னான். அவர் இவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பிறகு, "ஓ, காதா நீங்க" என்று சிரித்தார்.

வந்து இரண்டையும் மேலும் கீழுமாக அடுக்கினான். மேலே அண்ணனின் பதிவு, கீழே கேமராவின் பதிவு. பல்லவி ஒத்துப்போனது. முதல் சரணம் ஒத்துப்போனது. கேமராவில் ஒரு கரகரப்பும் இல்லை. குளத்துக்கு அந்தக் கரையிலிருந்து யாரோ பாடுவது போலச் சுத்தமாக, சின்னதாக இருந்தது. இரண்டாம் சரணம். மூன்றாவது அடி. ஏறியது. நின்றது. இறங்கும்போது அதே இடத்தில், அதே அரை விநாடி, குரல் கிழிந்து ஒட்டியது.

காதிலிருந்து கருவியைக் கழற்றி மேசையில் வைத்தான். மழை விட்டிருந்தது. கூரை ஓரத்திலிருந்து வாளியில் சொட்டுவது மட்டும் கேட்டது.

இரண்டு கருவி, இரண்டு மைக், அறுபது அடி தூரம். இரண்டும் ஒரே இடத்தில் பொய் சொல்லாது. கீறல் வயரிலும் இல்லை, குமிழிலும் இல்லை. தொண்டையில் இருந்தது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டைப் அடிக்கும் அக்கா வந்தார். இவன் சுத்தம் செய்கிற விசாரணைப் பதிவுகளைக் கேட்டுக்கேட்டு எழுத்தில் அடிப்பவர் அவர். வாசலில் குடையை உதறியபடியே பேச ஆரம்பித்துவிட்டார். இவன் கொடுக்கிற பதிவுகளில் எல்லோரும் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வந்து பேசுகிற மாதிரி இருக்கிறதாம். அதற்கு முந்தி ஒருவரிடம் வேலை கொடுத்ததில் சாட்சி, வக்கீல், நாய் மூன்று பேரையும் பிரித்தறிய முடியவில்லையாம். வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு படி இறங்கப் போனவர், திரும்பி, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஏம்ப்பா, உங்க அண்ணி இப்பல்லாம் பாடறதே இல்லையா? முன்னல்லாம் நான் கேட்டைத் திறக்கறப்பவே கேக்கும். பாட்டு கேட்டா அடுப்புல வேலை நடக்குதுன்னு அர்த்தம், டீ கிடைக்கும்னு நினைச்சுக்கிட்டே ஏறுவேன்."

பதிலுக்கு நிற்காமல் அக்கா இறங்கிப் போனார், அவருக்கு இவனைத் தெரியும்.

எப்போதிலிருந்து என்று அவன் நினைத்துப் பார்த்தான். தெரியவில்லை. விசாரணைக் கூடத்தில் ஒருவர் மூக்கை உறிஞ்சியதைக்கூட எத்தனையாவது நிமிடம் என்று சொல்லக்கூடியவன், தன் காலுக்குக் கீழே ஒரு பாட்டு நின்றுபோன மாதத்தைச் சொல்ல முடியவில்லை. சத்தத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவன் தொழில். சத்தம் நின்றதைக் கண்டுபிடிக்கச் சொல்லி அவனிடம் யாரும் வந்ததில்லை.

*

வியாழக்கிழமை அவன் அந்தக் கீறலை எடுத்தான். எடுக்க முடியாது என்று இல்லை. முதல் சரணத்தில் அதே மெட்டு, சொல்லில்லாத அதே இழுப்பு, அதே இறக்கம், அப்போது குரல் கிழியவில்லை. அந்த அரை விநாடியை அங்கிருந்து வெட்டி, இங்கே கொண்டுவந்து வைத்து, முன்னும் பின்னும் தைத்தான். சரியாகப் பொருந்துவதற்குக் காலை முழுவதும் ஆனது. தையல் தெரியவில்லை. பாட்டு முதலிலிருந்து கடைசிவரை பளிங்கு மாதிரி ஓடியது. மூன்று பேர் உட்கார்ந்து கேட்டால் மூன்று பேரும் தலையாட்டுவார்கள். நான்கு பேரில் ஒருத்தியாகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிறகு நேரில் பாட வேண்டும். பாடி, வேலையும் கிடைத்துவிட்டால், தினம் ஆறு வகுப்பு பாட வேண்டும்.

இரண்டு கோப்புகளாக வைத்துக்கொண்டான். ஒன்றில் கீறல் இருந்தது, ஒன்றில் இல்லை. பிறகு கீழே போய், பதிவைக் கேட்டுப் பார்க்க வருகிறீர்களா என்று அண்ணியிடம் கேட்டான். அண்ணன் வேன் டயர் பார்க்க வெளியே போயிருந்தார். அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கேட்டான்.

நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு இவன் நின்றான். காதுக் கருவியை அவளே மாட்டிக்கொண்டாள். முதலில் தைத்ததைப் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பல்லவியில் அவள் முகம் இளகியது. முதல் சரணத்தில் வலது கை விரல்கள் தொடைமேல் தாளம் போட்டன. இரண்டாம் சரணம் தொடங்கியபோது விரல்கள் நின்றன. மூன்றாவது அடி வந்து, ஏறி, நின்று, வழுக்காமல் இறங்கிப் போனது. அவள் கண்ணைத் திறந்தாள்.

எந்த இடத்தில் கண்ணைத் திறந்தாள் என்பதை அவன் பார்த்தான். பார்த்ததை அவளும் பார்த்தாள்.

அடுத்ததைப் போடவா என்று கேட்கவில்லை, போட்டான். இந்த முறை அவள் கண்ணை மூடவே இல்லை. கீறல் வந்த இடத்தில் கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மடியிலிருந்து பாட்டு சன்னமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு முடிந்தது.

"எப்பத்திலேர்ந்து அண்ணி?" என்று கடைசியில் அவன்தான் கேட்டான்.

"அன்னைக்குத்தான் முதல்ல. அந்த அடியிலதான். மைக்குல கேட்டுருச்சுன்னு உசுரே போச்சு. கை தட்டினாங்க. சரி, யாருக்கும் தெரியலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மேல போனாலே கிழியும். இப்பக் கீழயும்தான். காலையில எழுந்தா பேச்சே வராது. வென்னீர் குடிச்சுட்டுத்தான் உங்க அண்ணனையே எழுப்புவேன்."

அண்ணனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். அவள் மேசைமேல் கிடந்த கைக்குட்டையை எடுத்து மடித்தாள். பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அவரு பாட்டுக்குக் குமிழு, குமிழுன்னு புலம்பிட்டு இருந்தாரு. பதிவு கெட்டதுக்கு அவர் குமிழுன்னு ஒரு காரணம் இருந்துச்சு. நான் பாடாததுக்கும் அதையே காரணமா வெச்சுக்கிட்டாரு. எனக்கு வசதியாப் போச்சு தம்பி. டாக்டர்கிட்ட போனா, இனிமே இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா? சொல்லாத வரைக்கும் எனக்குப் பாட்டு இருக்கு. வேலை கிடைச்சு, உள்ள போயிட்டா, அப்புறம் பார்த்துக்கலாம்னு..."

"ஆறு வகுப்பு அண்ணி."

"தெரியும்."

"ஒரு மாசம் தாங்காது."

"அதுவும் தெரியும். நீங்க ஒண்ணும் கண்டுபிடிச்சுடல." இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பிலும் காற்று போனது. "ஊரே காது காதுன்னு கூப்பிடுது. ஒரு வருஷமா நான் பாடல, உங்களுக்கே தெரியல. மூணு பேருக்குத் தெரியப் போகுதான்னுதான் துணிஞ்சேன்."

அதற்குப் பதில் யோசிக்க அவனுக்கு அன்றைய நாள் போதாது. கூரையில் மழை மறுபடி தொடங்கியது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றும், பிறகு மொத்தமாக. இனிப் பேசினாலும் கேட்காது என்றான பிறகு அவள் எழுந்தாள். வாசல்வரை போய், திரும்பி வந்து, திரையில் இரண்டு வரிசையையும் பார்த்தபடி நின்றாள். எது எது என்று விரலால் கேட்டாள். இவன் காட்டினான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கீறல் இல்லாததின்மேல் விரலை வைத்து, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். மற்றதைக் காட்டி, பென் டிரைவைச் சுட்டினாள்.

பள்ளிக்கூடத்துக்கா என்று அவன் சத்தமாகக் கேட்டான். அவள் இல்லை என்று தலையாட்டி, இரண்டு விரலால் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

*

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவர்கள் மூவரும் தொண்டை டாக்டரின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய பள்ளிக்கூடம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அண்ணனுக்குக் காலையில்தான் சொன்னார்கள். பாதிதான் சொன்னார்கள், தொண்டை வலி, காட்டிவிட்டு வரலாம் என்று. காட்டிவிட்டு அப்படியே பதிவையும் கொடுத்துவிடலாம் என்று அவர் விண்ணப்பத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்தார்.

டாக்டர் ஒரு பெண். குள்ளமாக, வேகமாக இருந்தார். கண்ணாடியை வைத்துத் தொண்டைக்குள் பார்த்தார், பிறகு குழாயை விட்டுப் பார்த்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். அண்ணி பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தாள். இதில் இருக்கிறது, தேதியோடு இருக்கிறது என்றாள். எந்த நோயாளியும் தன் நோயை இப்படிக் கொண்டுவந்து கொடுத்ததில்லை போலிருக்கிறது. டாக்டர் அவளையும் அதையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கணினியில் செருகினார்.

அண்ணன் அந்தப் பாட்டை ஒரு வருடத்துக்குப் பிறகு கேட்டார். தகரம் இல்லை, ஆணி இல்லை. அவர் வாய் லேசாகத் திறந்தது. தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடி முதல் சரணம் முழுவதும் இருந்தது. இரண்டாம் சரணத்தில் அந்த இடம் வந்தபோது டாக்டர் நிறுத்தினார். பின்னுக்கு இழுத்து, மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார்.

"அது குமிழு..." என்று அண்ணன் ஆரம்பித்தார். அவர் மனைவியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். கை முழங்கையிலிருந்து நழுவியது.

"அது குமிழ் இல்லையா?"

"மத்ததெல்லாம் குமிழ்தான்ணே. இது மட்டும் இல்ல" என்றான் தம்பி. இந்த முறை அவனுக்குப் பதில் உடனே வந்தது.

குரல் நாண்கள் இரண்டிலும் அரிசிக் குருணை அளவுக்கு முடிச்சு விழுந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வருடக்கணக்காகக் கத்தியதில் வந்தது. மோசமான ஜாதி இல்லை. ஆனால் இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தால் கத்தி வைக்க வேண்டி வந்திருக்கும். இப்போதும் வைக்க வேண்டி வரலாம். முதலில் ஆறு வாரம் பேசக் கூடாது. முணுமுணுக்கவும் கூடாது, முணுமுணுப்பு அதைவிடக் கெடுதல். அதற்குப் பிறகு பயிற்சி. பாட்டு திரும்புமா என்று அண்ணன் கேட்டார். ஆறு வாரம் கழித்துக் கேளுங்கள் என்றார் டாக்டர்.

வெளியே வந்தபோது ஐந்தேகால். அண்ணன் விண்ணப்ப உறையை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணி அதை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதும் அப்போதே தொடங்கிவிட்டிருந்தது.

*

ஆறு வாரம் என்பது நாற்பத்திரண்டு நாள். டம்ளரைத் தட்டினால் சாப்பாடு. இரண்டு தட்டு தட்டினால் உடனே வா. கதவு நிலையில் ஒரு தட்டு என்றால் தம்பி, மூன்று என்றால் அண்ணன். ஒரு சிலேட்டு வாங்கினார்கள். கோபம் வந்தால் எழுதுவதற்குள் கோபம் போய்விடுகிறது என்று இரண்டாவது வாரத்தில் அவளே அதில் எழுதிக் காட்டினாள். அண்ணன் வீட்டுக்குள் மெதுவாகப் பேசப் பழகினார். அது அவருக்குப் பேசாமல் இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. உப்பு ஜாடி சமையலறைக்குத் திரும்பியது. பெரிய பள்ளியில் வேறு யாரோ சேர்ந்துவிட்டதாகத் தெரிய வந்தது. அன்று சிலேட்டில் எதுவும் எழுதப்படவில்லை. டம்ளர் மட்டும் வழக்கத்தைவிடச் சற்று ஓங்கித் தட்டப்பட்டது. அடுத்த மாதம் அவளுக்கு நாற்பது பிறக்கும்.

மாடியில் தம்பி காதுக் கருவியை மாட்டாமல் வேலை செய்யப் பார்த்தான். முடியவில்லை. ஆனால் மணிக்கு ஒருமுறை கழற்றி வைத்துவிட்டுக் கீழே என்ன கேட்கிறது என்று கேட்டான். குழாய், கத்தி, பாத்திரம். ஒருநாள் அவள் துணி உதறுவதைக் கேட்டே அது படுக்கை விரிப்பு என்று கண்டுகொண்டான்.

நாற்பத்து மூன்றாவது நாள் காலை, டாக்டரிடம் போவதற்கு முன், அண்ணன் பதிவுக் கருவியையும் ஒரு மைக்கையும் மாடிக்குக் கொண்டுவந்தார். அவர் யாரிடமும் கேட்கவில்லை. மழைக்காலம் முடிந்து வெயில் அடித்தது. தகரம் சும்மா இருந்தது. மைக்கை நட்டு வைத்து, கருவியைத் தம்பியின் கணினியோடு இணைத்தார். ஒட்டுநாடா இல்லாத ஒரு வயராகத் தேடிப் பிடித்திருந்தார். அண்ணி வந்து நின்றாள். தம்பி காதுக் கருவியை மாட்டிக்கொண்டான்.

அண்ணன் குமிழைத் தொட்டார். இடப்பக்கம் திருப்பினார். இன்னும் திருப்பினார். அது கடைசிக்கு வந்து, அதற்கு மேல் போகாது என்று நின்றது. அப்போதுதான் ஒரு கோடு மட்டும் மேலே ஏற்றிவிட்டு, கருவியிலிருந்து கையை எடுத்து, சுவரோரமாக நகர்ந்தார். அவர் முதுகு பட்டு ஒரு முட்டைத் தட்டு நொறுங்கியது. அப்படியே அசையாமல் நின்றார்.

திரையில் கோடு நேராக ஓடியது. ஒரு மேடும் இல்லை. அண்ணன் தம்பியைப் பார்த்தார். ஒன்றும் ஏறவில்லையே, குமிழை மிகவும் குறைத்துவிட்டேனோ என்று அவர் கண் கேட்டது. கை குமிழை நோக்கி ஒரு அங்குலம் நீண்டது.

தம்பி கையை உயர்த்தி அவரை நிறுத்தினான். அவன் காதில் மட்டும், மிக அருகில், அவள் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.